நீங்க வரலைன்னா நாங்க வருவோம்

போன வருடம் ஆடி மாதம், திண்டுக்கல்லில் ஒரு செருப்புக் கடைக்கு என் மகன் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். தோல் வாசமும் பசை வாசமும் அடிக்கிற ஒரு சந்து. செருப்புக் கடையில் மறக்க முடியாதபடி என்ன நடந்துவிடும் என்று கேட்பீர்கள். நானும் அன்றைக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கப் போகிறோம் என்று மட்டும்தான் நினைத்தேன்.

எனக்குப் பல வருடமாகச் சர்க்கரை. எரியோட்டுக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். எனக்குச் சர்க்கரை இருப்பது தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. காப்பியில் சீனி வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே என்ற கூச்சத்தில், விசேஷ வீடுகளில் கொடுத்ததைக் கொடுத்தபடி குடித்துவிட்டு வந்திருக்கிறேன். என் சுபாவம் அப்படி. நாலு பேர் என்னைப் பார்த்தாலே எனக்கு வியர்த்துவிடும்.

என் அக்காவுக்கும் இதே சர்க்கரைதான். காலில் வந்த ஒரு சின்னப் புண் ஆறாமல் போய், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் கட்டிலே கதி என்று ஆகிவிட்டாள். அவளைப் பார்த்துவிட்டு வருகிற நாளில் எல்லாம் வீட்டுக்கு வந்து என் கால்களை நீட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எனக்கும் இப்படி ஆகிவிடக் கூடாது சாமி என்பதுதான் என்னுடைய ஒரே வேண்டுதல்.

ஆடிக்குக் கொஞ்சம் முன்னால் டாக்டர் என் காலைப் பரிசோதித்தார். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, மெல்லிய நரம்பு மாதிரி ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியுதாம்மா?" என்று கேட்டார். பெரிய படிப்புப் படித்தவர் கேட்கிறாரே, இல்லை என்று எப்படிச் சொல்வது என்று, "தெரியுதுங்கய்யா, தெரியுதுங்கய்யா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் அவர் சிரித்துவிட்டார்.

"இப்ப நான் தொடவே இல்லையேம்மா" என்றார்.

இரண்டு பாதத்திலும் உணர்ச்சி போய்விட்டது, முள் குத்தினாலும் தெரியாது, உள்ளே மெத்தென்று இருக்கிற தனிச் செருப்பு வாங்கிப் போட வேண்டும், செருப்பில்லாமல் ஓர் அடி வைக்கக் கூடாது என்று மகனிடம் சொன்னார். அப்படிச் செருப்பு தைத்துக் கொடுக்கிற கடை எது என்று விசாரித்துத்தான் அந்தச் சந்துக்குப் போனோம்.

கடைக்காரர் ஒரு பாய். ஐம்பது வயசு இருக்கும். கடைக்குப் பின்னாலேயே வீடு. ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் விரித்து, "காலை இதுல வைங்கம்மா" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. முன்பின் தெரியாத ஆம்பிளைக்கு முன்னால் காலை எப்படி நீட்டுவது? சேலையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். அவர் உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். அவருடைய சம்சாரம் வந்தது.

"பொம்பளையாளுக்கு எங்க வீட்லதாம்மா அளவெடுப்பாக. நான் திரும்பிக்கிறேன்" என்று ஸ்டூலைத் தெருப் பக்கம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து, என் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டது. பிறகு உள்ளங்காலைக் கட்டை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்து, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்த புருஷனிடம், "பெருவிரலுக்குக் கீழ ரொம்ப அழுந்தியிருக்கு. அங்க பள்ளம் விட்டுத் தைக்கணும்" என்று சொன்னது. பார்க்காமலே அவர் தலையை ஆட்டினார். எந்த நாளில் தருகிறேன் என்று சொன்னாரோ அந்த நாளில் செருப்பு தயாராக இருந்தது. போட்டுப் பார்த்தேன். இலவம் பஞ்சுத் தலையணைமேல் நிற்கிற மாதிரி இருந்தது.

கிளம்பும்போது என் பேர், ஊர், செல்போன் நம்பரை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு பாய் சொன்னார்: "வித்ததோட எங்க வேலை முடியலம்மா. ஒரு மாசம் போட்டு நடங்க. அப்புறம் செருப்பையும் கொண்டாந்து காட்டணும், காலையும் காட்டணும். எங்க அழுத்துது, எங்க தேயுதுன்னு பாத்து மாத்தித் தருவோம். ஒங்க காலுக்கு ஒத்து வர்ற வரைக்கும் எங்க பொறுப்பு. நீங்க வரலைன்னா நாங்க வருவோம்."

என் மகன் சிரித்துவிட்டான். "எரியோட்டுக்கா வருவீங்க பாய்?"

"எந்த ஊரா இருந்தாலுந்தான் தம்பி."

ஒரு மாசம் கழித்து வந்து காட்டுகிறேன் என்பது போல நானும் தலையை ஆட்டிவிட்டு இறங்கினேன். சந்து முனைக்கு வந்ததும் மகன், "எல்லாக் கடையிலயும் இப்படித்தாம்மா சொல்வாங்க. மிக்சி வாங்குனப்பவும் வீட்டுக்கே வந்து பாப்போம்னான். வந்தானா?" என்றான். அதுவும் சரிதானே என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நான் செய்தது என்ன தெரியுமா? எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் செய்வதைத்தான் செய்தேன். புதுச் செருப்பைத் துடைத்து, அது வந்த அட்டைப் பெட்டியிலேயே வைத்து, ஓர் அந்துருண்டையும் போட்டு, பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டேன். நல்லது கெட்டதுக்குப் போட்டுக்கொள்ளலாம், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது போட்டுக்கொள்ளலாம். இவ்வளவு நல்ல செருப்பை ஆட்டுப் புழுக்கையிலும் சாணியிலும் மிதிக்க யாருக்கு மனசு வரும்?

வீட்டுக்குள் போடுவது என்கிற பேச்சுக்கே இடமில்லை. காலில் போட்ட செருப்பு எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டியதே கிடையாது. அடுப்படி இருக்கிறது, சாமி படம் இருக்கிறது. அதிலும் இது தோல். டாக்டர் 'ஓர் அடி' என்று சொன்னது தெருவில் வைக்கிற அடியைத்தான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். ஆடி வெள்ளிக்கு மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் கொண்டுபோனபோதும் எல்லாரையும் போல வெறுங்காலோடுதான் போனேன். என் மகன் மில் வேன் ஓட்டுகிறான். மருமகள் அதே மில்லில் வேலை. பகலெல்லாம் வீட்டில் நான் மட்டும்தான், ஆடு ஒன்று துணை. செருப்பு எங்கே என்று கேட்க யாரும் இல்லை.

ஒரு மாதம் ஆனது. மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போகிற தைரியம் இல்லை. இதற்கு நடுவில் என் செல்போனில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. தெரியாதவர்களோடு போனில் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாகத்தான் இருக்கும் என்று, போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். சத்தம் நின்றதும் போய் எடுத்துப் பார்ப்பேன்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. வீட்டுக்குள் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முக்கு டீக்கடைக்காரருடைய குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"சின்னம்மோவ்! திண்டுக்கல்லேருந்து பாய் வந்துருக்காக. சர்க்கரைக்குச் செருப்பு வாங்குன அம்மா வீடு எதுன்னு கேட்டாக. நம்ம தெருவுல யாருக்குய்யா சர்க்கரைன்னு யோசிச்சேன். பேரச் சொன்னப்புறந்தான் ஒங்களத் தெரிஞ்சது!"

அவ்வளவுதான். இத்தனை வருடம் நான் மூடி வைத்ததை அவர் ஒரே மூச்சில் தெருவில் கொட்டிவிட்டார். எட்டிப் பார்த்தேன். வாசலில் ஒரு பழைய டிவிஎஸ் வண்டி. பாயும் அவர் சம்சாரமும் நின்றார்கள். மண் ரோட்டில் வண்டி குலுங்கிக் குலுங்கி வந்திருக்க வேண்டும், புர்கா முழுக்கச் செம்மண். அவர்களுக்குப் பின்னால் டீக்கடைக்காரர். அவருக்குப் பின்னால் பாதித் தெரு. எதிர்வீட்டு மதினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் நின்றது.

"ஏன் மதினி, சர்க்கரையா ஒனக்கு? என் வீட்டுப் பாயாசத்த அம்புட்டுக் குடிச்சியே, ஒரு வார்த்தை சொன்னியா?"

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது எனக்கு.

பாய்தான் முதலில் பேசினார். "போன் பண்ணோம்மா, எடுக்கல. கால் என்னாச்சோன்னு மனசு கேக்கல. வெள்ளிக்கிழமை கடைய அடைச்சிருவோம். வராதவங்க வீட்டுக்கு அன்னைக்குத்தான் போறது."

வராதவங்க வீட்டுக்கு! அப்படியென்றால் நான் மட்டும் இல்லை, ஒவ்வொரு வெள்ளியும் இப்படி யார் வீட்டுக்காவது போகிறார்கள். சொன்னபடி வந்து நிற்கிறவர்களை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேனே என்று அப்போதுதான் உறைத்தது. உள்ளே கூப்பிட்டுக் கோரைப்பாய் விரித்தேன்.

"செருப்ப எடுத்துட்டு வாங்கம்மா, பாப்போம்" என்றது அந்தப் பெண்.

நான் பீரோவைத் திறந்து அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தேன். மூடியைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் குப்பென்று வந்தது. புருஷனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செருப்புக்குள் விரல் பதிந்த தடம்கூட இல்லை.

"என்னம்மா இது, பட்டுச் சேலை கணக்கா பத்திரம் பண்ணி வச்சிருக்கீங்க!" என்றார் பாய்.

வாசலில் கொல்லென்று சிரிப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண் சிரிக்கவில்லை. அது செருப்பைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் சிவப்புச் சிமெண்ட் தரை. பீரோவிலிருந்து நான் நடந்து வந்த வழியில் ஓரடி விட்டு ஓரடி, காசு அகலத்துக்கு ஈரமாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது.

"அம்மா, செத்த உக்காருங்க. வலது காலைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல தாயி. தண்ணில நின்னுருப்பேன்."

"காட்டுங்கம்மா."

நான் மறுக்க மறுக்க, அது கீழே உட்கார்ந்து என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டது. மண்ணிலும் ஆட்டுக் கொட்டிலிலும் நடந்த கால். "வேணாம் தாயி, வேணாம் தாயி" என்று நான் இழுத்தேன். விடவில்லை. பாய் அன்றைக்குக் கடையில் செய்த மாதிரியே சட்டென்று வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கதவை ஒருக்களித்துவிட்டு, "இங்க என்ன சினிமாவாண்ணே ஓடுது? அந்தம்மா கூச்சப்படுறாங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். டீக்கடைக்காரரும், "ஏய், போங்கப்பா போங்கப்பா" என்று அதிகாரம் பண்ணினார்.

பெருவிரலுக்குக் கீழே, அன்றைக்கு அளவெடுக்கும்போது அமுக்கிப் பார்த்த அதே இடத்தில், ஒரு கருவேல முள் ஒடிந்து உள்ளே நின்றது. சுற்றிலும் வெளுத்துப் போய்ச் சீழ் கசிந்துகொண்டிருந்தது. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனபோது குத்தியிருக்க வேண்டும். எப்போது குத்தியது என்று எனக்குத் தெரியாது. எத்தனை நாளாக அதை மிதித்துக்கொண்டே வீடு கூட்டினேன், சோறாக்கினேன், கோயிலுக்குப் போனேன் என்பதும் தெரியாது. ஒரு துளி வலி இல்லை. என் அக்கா கட்டிலில் படுத்திருப்பது கண்முன்னால் வந்து நின்றது.

"புடுங்கிரு தாயி, புடுங்கிப் போட்ரு" என்றேன்.

"நாங்க தொடக் கூடாதும்மா. டாக்டர்தான் எடுக்கணும். இப்பவே போகணும்."

"மருமக ஷிப்ட் முடிஞ்சு வரட்டும். ஆடு வேற கட்டிக் கெடக்கு."

"ஆட்ட நான் பாத்துக்கிறேன், நீ கெளம்பு மதினி" என்றது கதவுக்கு வெளியே இருந்து ஒரு குரல். எதிர்வீட்டு மதினி தள்ளி நிற்கவே இல்லை, கதவோடு காதை ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

டீக்கடைக்காரர் ஓடிப் போய் ஆட்டோ பிடித்து வந்தார். ஒரு சுத்தமான துணியைக் காலில் சுற்றி, அந்தப் பெண் என்னோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டது. பாய் வண்டியில் பின்னாலேயே வந்தார். வழியெல்லாம் நான் அழுதுகொண்டே போனேன். "கால எடுத்துருவாகளா தாயி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் எடுக்க மாட்டார்கள் என்று பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. "பாத்துட்டோம்லம்மா. பாத்தாச்சு. இனிமே டாக்டர் பாத்துக்குவாக" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தது.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டு, வரிசையில் நின்று, சக்கர நாற்காலி தேடி, எல்லாம் பாய்தான். நர்ஸம்மா, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். பாய் ஒரு நிமிஷம் யோசித்தார். "செருப்புக் கடைங்க" என்றார். நர்ஸம்மா பேனாவை வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவ்வளவு பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என்னை உள்ளே கொண்டுபோன பிறகுதான் அவர் பள்ளிவாசலுக்குப் போனார். அன்று வெள்ளிக்கிழமை, அவர்களுக்கு முக்கியமான தொழுகை. தொழுகை முடியப்போகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருப்பார் என்று அவர் சம்சாரம் பிறகு சொன்னது. அவர் வாயால் அதைச் சொல்லவில்லை.

முள்ளை எடுத்து, உள்ளே இருந்த சீழை எல்லாம் சுத்தம் செய்தார்கள். டாக்டர் வெளியே வந்தபோது என் மகனும் வந்து சேர்ந்துவிட்டான். "எலும்பு வரைக்கும் போகல. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா விரலோட போயிருக்காது, காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்றார். மகன் பாய் பக்கம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அன்னைக்கு ஒங்க கடையிலயே நான் சிரிச்சேன் பாய்."

"அதுக்கென்ன தம்பி, எல்லாருந்தான் சிரிப்பாங்க."

"ஒரு ஜோடி செருப்புக்கு இம்புட்டுத் தூரம் யார் வருவா?"

பாய்க்கு அந்தக் கேள்வியே புரியாத மாதிரி இருந்தது. "செருப்ப வித்தவன் நானு. அவங்க கால் நல்லாருக்கா இல்லையான்னு தெரியாம அடுத்த ஆளுக்கு எதை நம்பித் தைக்கிறது? வர்றேன்னு சொன்னேன், வந்தேன். அம்புட்டுத்தான்" என்றார்.

சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பாயின் சம்சாரம் வந்து பார்த்தது. சர்க்கரைக்கு ஆகும் என்று கேட்டு விசாரித்துக் கேழ்வரகுக் கஞ்சி கொண்டுவந்தது. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டது: "ஏம்மா வீட்டுக்குள்ள செருப்புப் போடல? காலைக் கடிச்சுச்சா?"

நான் என்ன சொல்வது? தோல் தொழில் செய்து பிழைக்கிற குடும்பத்திடம், தோல் செருப்போடு வீட்டுக்குள் நடக்க மாட்டோம் என்று எப்படிச் சொல்வது? முந்தானையைத் திருகிக்கொண்டே, "சாமி படம் இருக்குற வீடு தாயி. அடுப்படி வேற. அதான்..." என்று இழுத்தேன்.

அது கோபப்படவில்லை. சிரித்தது. "எங்க வீட்ல மட்டும் தொழுகிற எடத்துக்குச் செருப்போட போவோமா? இதச் சொல்ல இம்புட்டுக் கூச்சமா?" என்றது. வீட்டுக்குப் போய்ப் புருஷனிடமும் சொல்லியிருக்கிறது. மறுநாள் பாய் வந்தார். வார்டில் பெண்கள் இருந்ததால் வாசலிலேயே நின்றுகொண்டு, தலையைக் குனிந்தபடி சொன்னார்.

"தப்பு எங்க மேலதாம்மா. ஒங்க கால அளவெடுத்தோம். ஒங்க வீட்டக் கேக்கல. ஒத்து வர்ற வரைக்கும் எங்க பொறுப்புன்னு சொல்லிட்டு, நீங்க போட முடியாத செருப்பத் தைச்சுக் குடுத்திருக்கோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முள்ளில் நடந்தது நான். செருப்பைப் பூட்டி வைத்தது நான். போனை எடுக்காதது நான். அவர் தன்மேல் தப்பு என்கிறார். எத்தனையோ இடத்தில் சாமான் வாங்கியிருக்கிறோம். உடைந்தால் நாம் சரியாகப் பிடிக்கவில்லை என்பார்கள், ஓடாவிட்டால் நமக்குப் போடத் தெரியவில்லை என்பார்கள். வாங்கினவள் பக்கம் அப்பட்டமாகத் தப்பு இருந்தும், தன் பேச்சில் எங்கே ஓட்டை என்று தேடிப் பார்த்த வியாபாரியை நான் அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்குத் திரும்பிய வாரமே பாய் கடையிலிருந்து இன்னொரு ஜோடி வந்தது. துளித் தோல் கிடையாது. மெத்தென்ற ரப்பரும் தடித்த நீலத் துணியும் வைத்துத் தைத்தது. வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கு. பீரோவில் இருந்த தோல் செருப்பு இனிமேல் ஆட்டுக் கொட்டிலுக்கும் தெருவுக்கும். தெருச் செருப்போடு மாறிவிடாமல் இருக்கத்தான் நீலம். அழுக்கானால் கழுவிக்கொள்ளலாம். காசு கொடுக்கப் போன மகனைப் பாய் திட்டாத குறையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார். சாமி படத்துக்கு முன்னால் மட்டும் என்ன செய்வது என்று நான் தயங்கிக்கொண்டு நின்றேன். மருமகள் யோசனை சொன்னாள். "அந்த எடத்துல மெத்துன்னு ஒரு விரிப்பப் போட்ருவோம் அத்தை. விரிப்பு வரைக்கும் செருப்பு, விரிப்புல வெறுங்கால்." அப்படியே செய்தோம். சாமியும் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் தடவை அடுப்படிக்குள் செருப்போடு போனபோது யாரோ என்னை அடிக்க வருவது போல இருந்தது. எதிர்வீட்டு மதினி பார்த்துவிட்டுச் சும்மா இருக்குமா? "ஏன் மதினி, வெள்ளக்காரி கணக்கா அடுப்படியிலயும் செருப்பா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டது. முன்னால் என்றால் நான் கழற்றிப் போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்திருப்பேன். தெருவுக்கே சர்க்கரை தெரிந்த பிறகு எனக்கு என்ன கூச்சம்? "கால் வேணும்ல மதினி" என்று சொன்னேன்.

கார்த்திகை கழிந்து ஒரு மத்தியானம், அதே மதினி வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தது. வழக்கமான சத்தம் இல்லை. சேலையைக் கொஞ்சம் ஒதுக்கித் தன் பாதத்தைக் காட்டியது. குதிகாலில் வெடிப்பு, பக்கத்தில் ஒரு கொப்புளம்.

"எனக்கும் ரொம்ப நாளா இருக்கு மதினி. மகன்கிட்டகூடச் சொல்லல. ஒன்னயத் தெருவுல வச்சுக் கேலி பண்ணேன்ல, அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. அந்தக் கடைக்கு என்னையக் கூட்டிட்டுப் போறியா?"

மகனுக்கு லீவு எப்போது என்று நான் கேட்கவில்லை. மறுநாளே இரண்டு பேரும் பஸ் ஏறினோம். பஸ்ஸின் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்து, ஆம்பிளைத் துணை இல்லாமல் நான் திண்டுக்கல்லுக்குப் போனது அதுதான் முதல் தடவை. முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு, பிறகு சந்துக்குப் போனோம். பாய் எங்களைப் பார்த்ததும் ஸ்டூலைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவர் சம்சாரம் மதினியின் காலைத் தாளில் வைத்துக் கோடு போட்டது. கோடு போட்டு முடித்ததும், "வீட்டுக்குள்ள எப்படிம்மா நடப்பீங்க? சாமி எங்க இருக்கு, அடுப்படி எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டது. இப்போது எல்லாரிடமும் இதைக் கேட்கிறார்களாம்.

கிளம்பும்போது பாய், "நீங்க வரலைன்னா நாங்க வருவோம்" என்று மதினியிடம் சொன்னார்.

மதினி என் காதில், "நெசமாவா வருவாக?" என்றது.

"வருவாக. ஆனா அவுக வண்டிய எடுத்துக்கிட்டு வர்ற வரைக்கும் விடக் கூடாது மதினி. நாமளே வந்துருவோம்" என்றேன்.

இப்போது என் இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன. பாயும் அவர் சம்சாரமும் செய்ததை எண்ணாமல் ஒரு நாளும் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. அதோடு இன்னொன்றும் எண்ணிக்கொள்வேன். அன்றைக்கு அந்தக் கடையில் அவர் வாயால் ஒரு வாக்குக் கொடுத்தார், நான் தலையை ஆட்டி ஒரு வாக்குக் கொடுத்தேன். அவர் தன்னுடையதைக் காப்பாற்ற எங்கள் ஊர் வரைக்கும் வந்து நின்ற பிறகுதான், நான் கொடுத்ததும் வாக்குத்தான் என்று எனக்குத் தெரிந்தது, அதனால் இப்போதெல்லாம் யாரிடமாவது சரி என்று தலையாட்டிவிட்டால் அதைச் செய்து முடிக்கிற வரைக்கும் என்னால் உட்கார முடிவதில்லை.